காதுமணல்

“அப்பம் நான் வாயே தொறக்கப்படாதுங்கீய?”

“திறக்கலாம் டீச்சர். பேசலாம், சாப்பிடலாம், சிரிக்கலாம், பிள்ளைங்களை எவ்வளவு வேணும்னாலும் திட்டலாம். அது ஒண்ணு மட்டும் வேண்டாம். இந்தக் கரையைத் தவிர வேற எந்தக் கரையிலயும் வேண்டாம்.”

“தும்மினா?”

“தும்மலுக்கு வராது. பார்த்துட்டேன்.”

“எப்பம் பாத்தீய?”

“போன வாரம் உங்களுக்குச் சளி பிடிச்சிருந்துதே, அப்போ பின்னாடியே வந்து அளந்தேன்.”

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. அதில் உட்கார்ந்திருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏட்டி மெற்றி, சார் சொல்லுதத வெளாட்டா எடுக்காத. நாளைக்குப் புன்னைமுனையில கல்யாணம். தாலி ஏறும்போது அத்தன பொம்பளையளும் வாயத் தொறப்பாளுவ. அந்தச் சூட்டுல நீயும் தொறந்தேன்னு வையி, நம்ம கரை எந்திரிச்சு அங்க போயிரும்.”

“எப்படிப் போவும் பெரியப்பா, பஸ்ஸு ஏறியா?”

“பஸ்ஸுல போனா டிக்கெட்டு கேப்பான். இது ஓசியிலல்லா போவும்.”

மே மாத வெயிலில் அந்தத் தகரக் கொட்டகை அப்பளம் மாதிரி பொரிந்துகொண்டிருந்தது. மெற்றில்டா நெடுமணல் பள்ளிக்கூடத்தின் பி.டி. டீச்சர். ஊரின் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து அணி இருக்கிறதென்றால் அது அவள் கத்திக் கத்தி உண்டாக்கியது. நாற்காலிக்காரர் கஸ்பார், அவள் அப்பாவுக்கு அண்ணன், ஊர்க் கமிட்டித் தலைவர். எதிரே கணினித் திரையில் முகத்தைப் புதைத்திருந்த ஒல்லி மனிதர் நவநீதன், கரை மீட்கும் ஆய்வுக் குழுவின் பொறியாளர். அவர் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. மணல் சார், அவ்வளவுதான்.

“அது” என்று மணல் சார் கூச்சத்தோடு சொன்னது குலவையை.

பெயர்தான் நெடுமணல். மெற்றில்டா பிறந்தபோதே அங்கே காலை நீட்டி உட்கார மணல் கிடையாது. தெற்கே கூப்பிடு தூரத்தில் இருந்த புன்னைமுனை, தன் கரையைக் காப்பாற்றிக்கொள்ளக் கடலுக்குள் பாறையைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டிக்கொண்டது. கொக்கி போலக் கடலுக்குள் வளைந்து போகும் கற்சுவர். தூண்டில் என்று பெயர் வைத்தால் எதையாவது பிடிக்காமல் இருக்குமா? தெற்கிலிருந்து அலையோடு அலையாக வடக்கே நடந்துவரும் மணல் மொத்தமும் அதில் மாட்டிக்கொண்டது. நெடுமணலுக்கு வெறும் அலை மட்டும் வந்து சேர்ந்தது. வந்த அலை வெறுங்கையோடு திரும்பவில்லை. வலை உலர்த்தும் களத்தைத் தின்றது, கோயில் மதிலைத் தின்றது, இரண்டு வரிசைத் தென்னையைத் தின்றது. வள்ளங்கள் தெருவுக்குள் ஏறி வீட்டு வாசல்களில் ஆடுமாடு மாதிரி நின்றன. “மணல் வேணுங்கறவன் புன்னைமுனையில எறங்கு, பேரு போதும்ங்கறவன் நெடுமணல்ல எறங்கு” என்று பஸ் கண்டக்டர்கள் கேலி பேசினார்கள். மெற்றில்டாவின் பிள்ளைகள் தார் ரோட்டில் பந்து விளையாடி முட்டி தேய்ந்தார்கள்.

போன கோடையில்தான் மணல் சார் லாரி நிறையச் சாக்குகளோடு வந்து இறங்கினார்.

“பார்க்க மணல் மாதிரியேதான் இருக்கும்,” என்று கோயில் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். “ஆனா ஒவ்வொரு பருக்கைக்கும் காது உண்டு. கடலடியில இருக்கிற சாதாரண மணலோட கொஞ்சமா கலந்துவிட்டாப் போதும். பழகின குரல் கேட்டா, பக்கத்துல இருக்கிற பருக்கைகளையும் பிடிச்சு இழுத்துக்கிட்டு, அலை தள்ளுற நேரம் பார்த்துக் குரல் வந்த பக்கமா ஒரு மயிரிழை நகரும். மயிரிழைதான். ஆனா கோடிக்கணக்கான பருக்கை நகர்ந்தா அது ஒரு கரை.”

“மணலுக்குக் காதா? இந்த ஊரு ஆம்பளையளுக்கே அது கெடையாதே,” என்றாள் மெற்றில்டாவின் அம்மா செசிலி. அன்றைக்கு வைத்த பெயர்தான் காதுமணல்.

யாருடைய குரலுக்குப் பழகும் என்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கடலில் முட்டளவு ஆழத்தில் ஒரு கம்பம் நட்டு, அதிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று வரும்படி செய்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி மாறி வரும் முனகல். முதல் ஒரு வாரம் மணலின் காது திறந்திருக்கும். அந்த வாரத்தில் எந்தக் குரல் பலமாகக் கேட்கிறதோ அதுவே அதற்குத் தாய்க்குரல். பிறகு காது மூடிக்கொள்ளும். மாற்ற முடியாது.

எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தார்கள். நெடுமணல்காரர்களை மட்டும் யோசிக்கவில்லை.

ஏனென்றால் அந்த வாரம்தான் மெற்றில்டாவின் பிள்ளைகள் புன்னைமுனையை பெனால்டியில் தோற்கடித்துக் கோடைக் கோப்பையைத் தூக்கி வந்தார்கள். நல்லது எது நடந்தாலும் அந்த ஊரில் பெண்கள் குலவை போட வேண்டும். தாலி ஏறினால் குலவை, புது வள்ளம் தண்ணீரில் இறங்கினால் குலவை, கோப்பை வந்தால் கேட்கவே வேண்டாம். மெற்றில்டா சுடிதாரை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நேரே கடலில் இறங்கி அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்று குலவை போட்டாள். மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாள் இரண்டு வள்ளம் இறங்கியது, அதற்கும் போட்டாள். அவள் குலவை ஊரிலேயே தனி. முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்ததால், நாக்கு புரளும்போது நடுவில் விசில் மாதிரி ஒரு பிசிறு அடிக்கும்.

வாரம் முடிந்தது. கம்பம் வாரக்கணக்கில் முனகியது. ஒரு பருக்கை அசையவில்லை. மணல் சார் சாப்பாட்டை மறந்து இளைத்தார். செசிலிதான் மீன்குழம்பும் சோறும் கொடுத்தனுப்பி அவரை உயிரோடு வைத்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ புது எஞ்சின் வாங்கியதற்கு மெற்றில்டா ஒரு குலவை போட்டாள். மறுநாள் காலையில் கோயில் படிக்கட்டுக்குக் கீழே மணல் ஒரு நாக்கு மாதிரி நீண்டு ஏறிக் கிடந்தது. மணல் சார் அதன் மேல் உட்கார்ந்து அழுதார் என்று ஊரில் சொல்வார்கள். அவர், கண்ணில் மணல் விழுந்தது என்பார்.

அன்றிலிருந்து தினமும் விடியலில் மெற்றில்டா கரையில் நின்று குலவை போட்டாள். கரை வளர்ந்தது. இந்தக் கோடையில் சுண்ணாம்புக் கோடு போட்டு முழுக் கால்பந்து மைதானமே கரையில் அமைந்துவிட்டது. வள்ளங்கள் தெருவைவிட்டு இறங்கின. வெளியூர்க் குடும்பங்கள் நுங்கும் பதநீரும் வாங்கிக் குடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்தன. பஸ் கண்டக்டர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மெற்றில்டாவும்தான் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் தொண்டை இப்போது ஊர்ச் சொத்து. இந்த வெயிலிலும் குச்சி ஐஸ் கூடாது. விளையாட்டில் கத்தக் கூடாது என்று கமிட்டியே விசில் வாங்கிக் கொடுத்தது. கடைக்குப் போய் ஒரு சோடா கேட்டால், “ஜில்லுன்னு வேண்டாம் டீச்சர், கரை தாங்காது” என்று வெளியே வைத்த பாட்டிலைக் கொடுத்தார்கள். அதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே தாங்கினாள். தாங்க முடியாதது வேறொன்று. முன்பெல்லாம் குலவை போட்டால் உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று ஏறி வந்து உச்சந்தலை வழியாகப் போகும். இப்போது பல் தேய்ப்பது போல இருந்தது.

“ரிக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டுட்டா இந்தப் பிள்ளைக்கு இம்புட்டு செரமம் இல்லல்லா சார்?” என்று கஸ்பார் நூறாவது தடவையாகக் கேட்டார்.

“போட்டேனே. ரெண்டு தடவை வந்துச்சு, அப்புறம் காதைப் பொத்திக்கிச்சு. அச்சு மாறாம திரும்பத் திரும்ப வர்ற சத்தத்தை மதிக்காதேன்னு நாங்கதான் அதுக்குச் சொல்லிவெச்சோம். இல்லேன்னா போட் எஞ்சின் பின்னாடியே ஓடிடுமே. டீச்சர் குலவை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஆனா எல்லாத்துலயும் அந்தப் பல்லோட பிசிறு இருக்கு. டீம் பிள்ளைங்க எல்லாரையும் போடச் சொல்லிப் பார்த்தாச்சு. ஒருத்திக்கும் அது வரலை.”

“நானும் ஆளுக்கு ஒரு பல்ல ஒடச்சுப் பாக்கலாம்னேன்,” என்றாள் மெற்றில்டா. “சார் வேண்டாம்னுட்டாவ.”

மறுநாள் புன்னைமுனைக் கல்யாணத்தில் மெற்றில்டா கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் ஜெனிட்டா அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். தாலி ஏறியது. சுற்றிலும் குலவை எழுந்தது. மெற்றில்டாவின் நாக்கு வாய்க்குள் மீன் மாதிரி துள்ளியது. அவள் கைக்குட்டையைக் கடித்தாள். ஜெனிட்டா கூட்டத்தில் அவளைத் தேடிப் பார்த்ததும், அவள் வாய் மூடியிருந்ததைக் கண்டதும், முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மெற்றில்டாவுக்குத் தெரிந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்கும்படியாகவே சொன்னாள். “மணல் திருடி வந்திருக்கா. பந்தக்காலப் பிடிச்சுக்கோ.”

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மணல் வானத்திலிருந்து பெய்வதில்லை. நெடுமணல் கரை அகலமான அளவுக்குப் புன்னைமுனைக் கரை மெலிந்திருந்தது. காதுமணல் தூண்டில் வளைவைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே, பூவரச மர நிழலில் அவள் நின்றபோது ரோமால்டு வந்தான். புன்னைமுனை ஆண்கள் அணியின் கோல்கீப்பர். கையில் இரண்டு குச்சி ஐஸ்.

“எங்க பெரியப்பா பாத்தா உன்னக் கொன்னுருவாவ.”

“உனக்கு ஐஸ் குடுக்கப்படாதுன்னு எங்க ஊருக்குத் தாக்கீது வரல்ல. தின்னு.”

அவள் தின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு தின்ற ஐஸ், உடைந்த பல்லில் சுள்ளென்று கூசியது. அந்தப் பல்லை உடைத்தவனே இவன்தான். மூன்று கோடைக்கு முன்னால் ஆண்கள் ஆட்டத்துக்கு அவள் நடுவராக நின்றபோது, இவன் உதைத்த பந்து அவள் வாயில் இருந்த விசிலில் வந்து இடித்தது. அவள் பல்லின் துண்டைத் துப்பிவிட்டு, ரத்தம் வழிய நின்று சிவப்பு அட்டையைக் காட்டினாள். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டைதான். அதற்காகவே எங்கேயாவது பார்க்கும்படி இரண்டு பேரும் நடந்துகொண்டார்கள்.

“ஞாயித்துக்கெழம எங்கம்மா பொண்ணு கேக்க வாரா,” என்றான் ரோமால்டு, ஐஸைப் பார்த்தபடி.

“யாரக் கேட்டு?”

“உன்னத்தான் கேக்க வாரா.”

மெற்றில்டாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பந்தலிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் குரல் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு, கரை மெலிந்த வருஷத்தில் கேட்கிறான்.

“ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு. உனக்கு நான் வேணுமா, மணல் வேணுமா?”

ரோமால்டு வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. காது மடல் சிவந்தது. “ஐஸ் உருகுது,” என்றான்.

அவள் மிச்சத்தை மணலில் எறிந்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோமால்டின் அம்மா லில்லி, தட்டில் பழமும் பூவுமாக வந்தாள். பின்னாலேயே பாதிப் புன்னைமுனையும் வந்தது. விஷயம் வீட்டுக்குள் அடங்கவில்லை. கரையில், கால்பந்து மைதானத்தின் நடுவில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கோல்கம்பத்தடியில் நெடுமணல், எதிர்க் கோல்கம்பத்தடியில் புன்னைமுனை.

“சம்மந்தம் நல்ல சம்மந்தம்தான்,” என்று கஸ்பார் தொடங்கினார். “பையன் நல்லவன், குடிக்க மாட்டான். ஆனா பொண்ணக் குடுத்தா பொண்ணு மட்டுமா வரும்? கரையும் பொறத்தாலேயே வருமே. பொண்ணக் குடுக்கலாம் லில்லி, கரையச் சீதனமாக் குடுக்க முடியாது.”

“உங்க கரைய யாரு கேட்டா அண்ணாச்சி? எங்க கரையத்தான் நீங்க வாங்கி வச்சிருக்கீய,” என்றாள் லில்லி.

“தூண்டிலப் போட்டுத் தொடங்குனது யாரு?”

“கூவித் திருடுனது யாரு?”

“எம்மவ என்ன கமிட்டிக்குப் பட்டா போட்டுக் குடுத்த சொத்தா?” செசிலி தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவட்டத்துக்கு வந்தாள். “இருவத்தெட்டு வயசாவுது. நீங்க மணலுக்கு நகை போட்டு அழகு பாருங்க, எம்பிள்ள கன்னியாஸ்திரியாப் போறாளா?”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மெற்றில்டா ஒரே ஊதலில் அத்தனை பேரையும் அடக்கினாள். கமிட்டி வாங்கிக் கொடுத்த விசில்தான்.

“நான் சொல்லுதேன். இவன் மணலுக்காகக் கேக்கான்னா எனக்கு வேண்டாம். எனக்காகக் கேக்கான்னா, அப்புறம் கரை என்ன ஆவும்னு உக்காந்து பேசுவோம். மொதல்ல அது எனக்குத் தெரியணும். ஏல ரோமால்டு, அன்னிக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

ரோமால்டு கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தான். கல்யாணத்துக்குப் போட்ட அதே சட்டை. யாரையும் பார்க்காமல், மைதானத்தைத் தாண்டி, தண்ணீரின் ஓரத்துக்குப் போய், கடலைப் பார்த்து நின்றான். வேட்டியை மடித்துக் கட்டினான். பெனால்டிக்குத் தயாராகிறவன் போல இரண்டு உள்ளங்கையையும் உரசிக்கொண்டான்.

பிறகு குலவை போட்டான்.

ஆண் பிள்ளை குலவை போட்டு அந்தக் கரை கேட்டதில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் காக்கைகள் கிளம்பிவிட்டன. மீசை வைத்த வாயிலிருந்து அத்தனை மெல்லிய, அத்தனை உயரமான சத்தம்! கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெற்றில்டா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குலவையின் நடுவில் ஒரு பிசிறு அடித்தது. விசில் மாதிரி. அவளுடைய பிசிறு.

“எல்லாரும் நகராதீங்க,” என்று கத்தினார் மணல் சார். “கோட்டைப் பாருங்க!”

கடல் பக்கத்து எல்லைக்கோடு, காலையில் கயிறு பிடித்துப் போட்ட சுண்ணாம்புக் கோடு, அலை வந்து தொட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டிருந்தது. நேரே ரோமால்டின் கால்களை நோக்கி. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியவில்லை. கண்ணை மூடித் திறந்தால் தெரிந்தது. மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோது அந்தக் கோடு வில் மாதிரி இருந்தது.

“பல்ல ஒடச்சவனுக்குத் தெரியாதா, எங்க பிசிறு அடிக்கும்னு?” என்றான் ரோமால்டு, இன்னும் கடலைப் பார்த்தபடியே. “ஒன்ன நக்கல் பண்ணணும்னுதான் கடலுக்குப் போற நேரமெல்லாம் பழகுனேன். நக்கல் பண்ணத்தான். அப்புறம்… பழகிருச்சு.”

“மணல் வரும்னு எப்போ தெரியும்?” மணல் சார் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“போன ஐப்பசியில. எங்க கரையில வலைய ஒதறிக்கிட்டே சும்மா ஒண்ணு போட்டேன். மறுநாள் பாத்தா வள்ளத்தடியில புதுசா ஒரு மேடு. பயந்துட்டேன் சார். அதுக்குப் பொறவு ஆழ்கடலுக்குப் போனாத்தான் போடுவேன். கரையில போட்டதில்ல.”

“ஏல எடுபட்ட பயலே!” புன்னைமுனைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மீசை எழுந்தது. “நம்ம ஊருக் கரை தேய்ஞ்சு வருது, நாங்க கடலப் பாத்துப் பாத்து அழுதோம், நீ வாய்க்குள்ள கரைய வச்சுக்கிட்டுப் பொத்திட்டா இருந்த?”

ரோமால்டு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான். அது நியாயமான கேள்விதான் என்று மெற்றில்டாவுக்கும் தெரிந்தது. தன் ஊர் தேய்வதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன் தினமும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

“இங்க பிள்ளைய பந்து வெளாண்டுக்கிட்டு இருந்தாளுவ,” என்றான் அவன் கடைசியில். “அவ்வளவுதான்.”

செசிலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “கேட்டுக்கிட்டீயளா மச்சான்? மணலுக்கு ஆசப்பட்டவனாயிருந்தா தட்டத் தூக்கிக்கிட்டு என் வாசலுக்கா வரணும்? அவன் வீட்டு வாசல்ல நின்னு ஒரு கூவு கூவியிருந்தா மைதானத்தோட போயிருக்குமே!”

கஸ்பார் யோசித்தார். அதில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. ஆனால் கமிட்டித் தலைவர் என்றால் ஓட்டை கண்டுபிடித்தாக வேண்டும். “அப்பம் ரெண்டு தொண்டையும் புன்னைமுனையில ஒரே வீட்டுல இருக்கும். அது ரொம்ப மோசமில்லா?”

பேச்சு மத்தியானம்வரை போனது. நுங்கு வண்டிக்காரருக்கு அன்று நல்ல வியாபாரம். கடைசியில் முடிவானது இது: வீடு இரண்டு ஊரிலும் வேண்டாம், நடுவில் ஓடை கடலில் சேரும் இடத்தில் கட்டிக்கொள்ளட்டும். அங்கிருந்து அவள் வடக்கே நெடுமணலுக்கும் அவன் தெற்கே புன்னைமுனைக்கும் விடியலில் நடந்து போகட்டும். ஆளுக்கொரு குலவை, அளந்து வைத்த மாதிரி. ஒரு மூச்சுக்கூட அதிகம் போகக்கூடாது. யார் தொண்டையில் இன்னும் என்ன பிசிறு ஒளிந்திருக்குமோ தெரியாததால், மணல் சார் எல்லாருடைய குரலையும் சோதித்து முடிக்கும்வரை இரண்டு கரையிலும் வேறு யாரும் குலவை போடக்கூடாது.

“இன்னொரு வழியும் இருக்கு,” என்று மணல் சார் கையைத் தூக்கினார். “ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா, மணல் பழையபடி தன் போக்குல வடக்கே போகப் பார்க்கும். தூண்டில் வளைவோட நுனிக் கல்லைக் கொஞ்சம் எடுத்துட்டா, யாரும் கூப்பிடவே வேண்டாம். அதுவே வரும், அதுவே போகும்.”

இரண்டு ஊரும் அவரைப் பார்த்தன.

“அத அப்புறமாப் பேசுவோம் சார்,” என்றார் கஸ்பார்.

“ஆமா, அத அப்புறமாப் பேசுவோம்,” என்றது பெரிய மீசை. அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்படியாக நிச்சயம் நடந்தது. செசிலியும் லில்லியும் மைதானத்தின் நடுவட்டத்திலேயே நின்று தட்டு மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய கணத்தில் அத்தனை பெண்களும் வழக்கப்படி மூச்சை இழுத்தார்கள். உதடு பிரிந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக நினைவு வந்து, இழுத்த மூச்சை அப்படியே விழுங்கிக்கொண்டார்கள். ஜெனிட்டா மட்டும் கூட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்து மெற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பம் தெரியுதுட்டி, அன்னிக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும்னு,” என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். கடல் மட்டும் தன் பாட்டுக்குச் சத்தம் போட்டது.

வெயில் தாழ்ந்ததும் மெற்றில்டாவும் ரோமால்டும் ஓடை கடலில் சேரும் இடத்துக்கு நடந்து போனார்கள், வீட்டுக்கு இடம் பார்க்க. மெற்றில்டாவின் இரண்டு கையிலும் குச்சி ஐஸ். ஒரு வருஷத்துக் கணக்கு.

“வாசல் வடக்கப் பாத்து இருக்கணும்,” என்றாள்.

“அப்பம் நான் குலவை போட வீட்டச் சுத்தியா போவணும்?”

“சுத்து. கோல்கீப்பருக்கு ஓட்டமே கெடையாது, உடம்பு வச்சிரும்.”

அவன் சிரித்தான். வடக்கே பிள்ளைகள் வளைந்த கோட்டை அழித்துவிட்டு நேராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெற்கே தூண்டில் வளைவின் கற்களில் அலை வெள்ளையாக உடைந்தது. நடுவில், அவர்கள் நின்ற இடத்தில், ஓடைத் தண்ணீர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு கடலுக்குள் போனது. காலடியில் மணல் ஈரமாக, குளிர்ச்சியாக, ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பது போல அசையாமல் கிடந்தது. இங்கே ஒரு சத்தம் எழுந்தால் மணல் இரண்டு ஊருக்கும் போகாது; இங்கேதான் வரும். அளந்து வைத்த கணக்கு நாளைக் காலையே தப்பும். கஸ்பார் பெரியப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

மெற்றில்டா ஐஸ் குச்சிகளைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள்.

“ஒரு வருசமா மணலுக்காகப் போட்டேன்,” என்றாள். “ஊருக்காகப் போட்டேன். இன்னிக்கு எனக்கு நிச்சயம். ஒருத்தி வாயத் தொறக்கல்ல.”

ரோமால்டு சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

“மணல் வந்தா வரட்டும்ல,” என்றாள் மெற்றில்டா. “எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு போடேன்.”